மோட்டார்கிட்ட போனை வையுங்க

எட்டும் பச்சை. எட்டுப் புள்ளியும் பச்சையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே தேங்காயைச் சில்லுச் சில்லாகக் கீறுவதில் ஒரு சுகம் இருக்கிறது, வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கம் லேப்டாப், அந்தப் பக்கம் தேங்காய்மூடியும் கத்தியும், தலையில் ஹெட்செட். திரையில் எட்டுப் பெண்களின் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு புள்ளி. பச்சை என்றால் அவள் தன் வீட்டில் போனை எடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள், நீலம் என்றால் பேசிக்கொண்டிருக்கிறாள், மஞ்சள் என்றால் லைன் திணறுகிறது, சிவப்பு என்றால் யசோதாவின் மானம் கப்பலேறிவிட்டது. யசோதா நான்தான். சிவப்பு வராது. நான் போட்ட லைன் படுத்ததாகச் சரித்திரம் இல்லை, இரண்டு தடவை படுத்தது, ஒன்று ஜேசிபி, இன்னொன்று தேர், தேர் கேபிளை இழுத்துக்கொண்டு போனால் அதற்கு நான் என்ன செய்வேன், சாமியிடம்தான் கேட்க வேண்டும். இன்றைக்குத் தேர் இல்லை. வெயில் நன்றாக அடிக்கிறது. பொன்னூற்று பம்ப்ஸ் கம்பெனிக்குக் காலையிலிருந்து வருகிற போனெல்லாம் இந்தப் பெண்கள் முன்பு உட்கார்ந்து போன் எடுத்த காந்திபுரம் ஹாலுக்குப் போகாமல் எட்டு ஊரில் எட்டு வீட்டில் அடிக்கிறது. கூப்பிடுகிற விவசாயிக்கு அதே பழைய நம்பர்தான். அவர் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணினால் அந்த நம்பரை அழுத்துகிறார், ஒரு பெண் எடுக்கிறாள், எங்கிருந்து எடுக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் நான் விற்கிற சரக்கு.

ஹால் இருந்த கட்டடம் கைமாறிவிட்டது. புதுத் தொழிற்சாலை ஊருக்கு வெளியே ரொம்ப தூரத்தில், பெண்கள் போய்வரப் பஸ் கிடையாது. முதலாளி தெய்வசிகாமணி முன்னால் இரண்டே வழி. எட்டுப் பேரும் வீட்டிலிருந்தே போனை எடுப்பது, அதற்கு நானும் என் கம்பெனியும். இல்லையென்றால் எட்டுப் பேரையும் நிறுத்திவிட்டு, தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்று சொல்கிற வெளியூர்க் கம்பெனி ஒன்றிடம் நம்பரையே ஒப்படைத்துவிடுவது. அவர்கள் தயாராக இருக்கிறார்களாம், மதியம் கூப்பிடுவார்களாம். அதற்குள் முதலாளி முடிவு சொல்லிவிடுவார். அவரும் இப்போது இதே லைனில் இருக்கிறார், தொழிற்சாலையில் தன் அறையில் உட்கார்ந்து எந்த அழைப்பை வேண்டுமானாலும் எட்டிக் கேட்கலாம் என்று நான்தான் வழி செய்து கொடுத்தேன். பேசுகிறவர்களுக்கு அவர் குரல் கேட்காது, எனக்கு மட்டும் கேட்கும். காலையிலிருந்து பேசவில்லை, மூச்சு மட்டும் விடுகிறார். என் அண்ணன் பரீட்சை எழுதும்போது கணக்கு வாத்தியார் இப்படித்தான் பின்னால் நின்று மூச்சு விடுவாராம், அண்ணன் அதனால்தான் பெயிலானானாம். நான் பெயிலாக மாட்டேன். தேங்காய் கொஞ்சம் முற்றல்.

ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போட்டார் அந்த மனுஷர். "அம்மிணி, ஒண்ணே ஒண்ணுதான். கூப்புடறவனுக்கு நம்ம ஆளு வூட்டுல உக்காந்து பேசறது தெரியப்படாது. குக்கர் விசில் கேட்டாப் போச்சு, கொழந்தை அழுதாப் போச்சு. என்னடா கம்பெனி இது, அடுப்படில நடக்குதான்னு கேப்பான். எங்கப்பா காலத்துப் பேரு." நான் சிரித்தேன். "சார், காதுகிட்ட வந்து சேவல் கூவுனாலும் கேக்காதுங்க." அவர் நம்பவில்லை. உடனே என் வீட்டிலிருந்து ஒரு அழைப்பு போட்டுக் காட்டினேன். பக்கத்தில் குக்கர் கத்துகிறது, மாடியில் தையல் மெஷின் ஓடுகிறது, கீழே அயர்ன் வண்டிக்காரர் மணி அடிக்கிறார், அவருக்கு என் குரல் மட்டும் கல்யாண மண்டபம் காலியானபிறகு பேசுகிற மாதிரித் துல்லியமாகப் போயிற்று. நாய்ஸ் ஃபில்டர். மைக்குக்குப் பக்கத்தில் பேசுகிற குரலை மட்டும் உள்ளே விடும், மிச்சமெல்லாம் செருப்போடு வாசலில் நின்றுவிடும். லேசு, நடுத்தரம், முழுசு என்று மூன்று படி அதில் உண்டு. நான் எட்டுப் பேருக்கும் முழுசில் வைத்தேன். போகிற சத்தத்துக்கு, வருகிற சத்தத்துக்கு என்று இரண்டு கட்டம் இருந்தது, இரண்டிலும் டிக் போட்டேன், விவசாயி டிராக்டர் பக்கத்தில் நின்று பேசினாலும் நம் பெண்களுக்குக் காது வலிக்காதே. ஒரு வேலையைச் செய்தால் அதை முழுசாகச் செய்ய வேண்டும். என் மாமியார் கூட ஒத்துக்கொள்கிற என் ஒரே நல்ல குணம் அது.

யாரும் இல்லையா வீட்டுல. இந்த வாக்கியம் ஏன் இன்றைக்கு இத்தனை தடவை மனசுக்குள் வருகிறது. போன ஞாயிறு மோகனசுந்தரம் கேட்டார். என் வீட்டுக்காரர், ஓமானில் சிமெண்ட் ஆலையில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், தினமும் பேசுவார். நான் இதே லேப்டாப்பில், இதே ஹெட்செட்டில், மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன், இனியா கூடத்தில் கயிறு தாண்டிக்கொண்டு சத்தம்போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார், "யாரும் இல்லையா வீட்டுல?" இருக்கிறோமே, நான் மிக்ஸி போட்டிருக்கிறேன், உங்கள் மகள் குதித்துக் குதித்துக் கீழ்வீட்டுக்காரர் தலையில் சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள் என்றேன். "ஒண்ணுமே கேக்கல யசோ" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பார்த்தீர்களா என் ஃபில்டரை என்று பத்து நிமிஷம் அதன் மகிமையைச் சொன்னேன். அவர் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டார். நேரமாகவில்லை, எனக்கு அவர் டியூட்டி நேரம் தெரியும். சரி, அதை இப்போது எதற்கு நினைப்பது. நீலம் மூன்று, பச்சை ஐந்து. முதலாளி இருமுகிறார்.

மஞ்சள். சம்பூர்ணக்கா வீடு. கிணத்துக்கடவுக்கு மேற்கே தோப்புக்குள் ஒற்றை வீடு, எட்டில் அந்த ஒன்றில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். கண்ணாடி இழைக் கேபிளைத் தென்னைமரங்களுக்கு நடுவில் கொண்டுபோக வேண்டியிருந்தது, காற்றடித்து ஒரு மட்டை விழுந்தால் தீர்ந்தது. இதோ விழுந்திருக்கும். கத்தியைக் கீழே வைக்கிறேன், கை தானாக வைக்கிறது, மனசு சும்மா இரு என்கிறது, இதற்குத்தானே சிம் போட்ட இரண்டாவது இன்டர்நெட் பெட்டியை அக்கா வீட்டு ஜன்னலில் உட்கார வைத்துவிட்டு வந்தாய், ஒரு கால் வழுக்கினால் இன்னொரு காலில் நிற்கும். நிற்குமா. டவர் பக்கம் ஆள் கூட்டமாக இருந்தால். முதலாளி இப்போது இந்த லைனைத்தான் கேட்கிறார் என்றால். மஞ்சள் கண் சிமிட்டுகிறது, நீலம். அவ்வளவுதான். சம்பூர்ணக்காவுக்கு லைன் மாறினதே தெரியாது, கம்பளையம் கனகராஜோ யாரோ ஒருவரிடம் "வோல்டேஜ் இல்லாம மோட்டாரைப் போட்டாக் காயில் கருகாம பின்ன பூக்குமாங்" என்று ஏசிக்கொண்டிருந்தவள் ஒரு எழுத்துக்கூட விடாமல் ஏசி முடித்தாள். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது. லைன் நன்றாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை, இந்தத் தொழிலில் அதுதான் பாராட்டு. அது விழுந்தால்தான் என் பெயரே எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

ஊரடங்கு சமயத்தில் அப்படித்தான் ஞாபகம் வந்தது. கோயமுத்தூரில் இருக்கிற கம்பெனியெல்லாம் ஒரே வாரத்தில் யசோதா, யசோதா என்று கூப்பிட்டன. ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, போன் மட்டும் காலி அறையில் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று ஒருவர் சொன்னார், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆபீஸாகத் தூக்கி வீடுகளில் வைத்தேன். நகைக்கடைக் கணக்குப்பிள்ளை தன் வீட்டு மாட்டுக் கொட்டகையிலிருந்து பேசினார், பல்லாஸ்பத்திரி ரிசப்ஷன் பெண் பாட்டனார் வீட்டுப் பரணுக்குக் கீழிருந்து நேரம் கொடுத்தாள். எல்லாருக்கும் என்னிடம் ஒரே கேள்வி, சத்தம் கேக்குமா. எல்லாருக்கும் ஒரே பதில், கேக்காது. அப்போதிருந்தே சத்தத்தைக் கொல்வதில் எனக்கு ஒரு ருசி விழுந்துவிட்டது. எனக்கே ஒரு பயமும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. போனில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கம் திடீரென்று ஒன்றுமே இல்லாமல் போகும் பாருங்கள், மூச்சுகூட இல்லாமல், அந்த ஒரு கணம் எனக்குத் தாங்காது. ஆள் யோசிக்கிறாரா, லைன் போய்விட்டதா, செத்தே போய்விட்டாரா, ஒன்றும் தெரியாது. சத்தத்தைக் கொல்கிறவளுக்கு நிசப்தம் பயமாம், நல்ல வேடிக்கை.

சம்பூர்ணக்கா மறுபடி நீலம். நானும் எட்டிக் கேட்கிறேன், முதலாளியும் அங்கேதான் இருக்கிறார், மூச்சு தெரிகிறது. உடுமலைப்பேட்டைப் பக்கம் கரட்டுமேட்டிலிருந்து சாமியப்பன் என்ற பெரியவர். தண்ணீர் எடுக்கவில்லை, மோட்டார் மட்டும் ஓடுகிறது, வாழைக்குத் தண்ணி கட்டி நாளாச்சு. அக்காவுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. "ஏனுங்ணா, பதட்டப்படாதீங்க. மோட்டார்கிட்ட போனை வையுங்க, நான் கேக்கறேன்." ஹாலில் நான் லைன் அளக்கப் போனபோது இதைப் பார்த்திருக்கிறேன், அந்த எட்டுப் பேருக்கும் இது வழக்கம். வார்த்தையால் விளங்காவிட்டால் போனை மோட்டார் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள், கண்ணை மூடிக் கேட்பார்கள். அதில் இந்த அக்கா பெரிய பீற்றல்காரி, பாதி தடவை தப்பாகவும் சொல்வாள், தப்பு என்று தெரிந்தால் "நான் அப்பவே நெனச்சேன்" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பெட்டி மாட்டப் போன அன்றைக்கு வாழை இலையில் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது போச்சுன்னா எனக்கு வேற வேலை தெரியாது கண்ணு, மறுபடி தறிக்குத்தான் போகோணும், இடுப்பு தாங்காது" என்றாள். அவள் அப்படித் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. நான் இருக்கிறேன் அக்கா, உன் வேலை போகாது என்று வாயில் ரசத்தோடு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றுமில்லை. சாமியப்பன் போனை வைத்துவிட்டார், அக்கா காத்திருக்கிறாள், நான் காத்திருக்கிறேன், ஒன்றுமில்லை. லைன் போச்சா. புள்ளி நீலம், திடமான நீலம். "ஏனுங்ணா, மோட்டாரைப் போடுங்க." "ஓடிட்டுத்தானுங்க இருக்குது." "ஓடலீங்ணா." "ஓடுதம்மா, பக்கத்துலதான நிக்கறேன்." "எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்ணா, ஸ்டார்ட்டரை நல்லா அமுக்குங்க." "அட, காது செவிடாகற மாதிரி ஓடுதுங்கறேன், உனக்குக் கேக்கலையா?" பெரியவருக்குக் கோபம் வருகிறது, தன் காது போய்விட்டதோ என்று அக்கா பயப்படுகிறாள், எனக்குத் தெரிகிறது. முதலாளியின் மூச்சு நின்றுவிட்டது. நின்றுவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாகப் பேசினார். "என்னம்மிணி இது?" டவரா, பெட்டியா, அவர் போனா. அவர் பேச்சு கேட்கிறது, இவள் பேச்சு கேட்கிறது, மோட்டார் மட்டும் இல்லை. பேச்சு உண்டு, மோட்டார் இல்லை. பேச்சு உண்டு, மிக்ஸி இல்லை. யாரும் இல்லையா வீட்டுல. மிக்ஸி ஓடியது, இனியா குதித்தாள், என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அடிப் பாவி. மோட்டாரை நான்தான் தின்றுவிட்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை இதுதான். குரல் அல்லாததையெல்லாம் வாசலில் நிறுத்து என்று நான் சொன்னேன், அது நிறுத்திவிட்டது, பம்ப் கம்பெனி லைனில் பம்பின் சத்தத்தையே நிறுத்தி வைத்திருக்கிறது. காலையிலிருந்து எட்டு வீட்டிலும் ஒரு மோட்டாரும் கேட்டிருக்காது, அவளவள் வார்த்தையை வைத்துச் சமாளித்திருக்கிறாள், புது லைனுக்குப் பழகவில்லை என்று வெளியில் சொல்லப் பயந்திருக்கிறாள். இத்தனை நேரம் பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பூரித்துக்கொண்டு தேங்காய் கீறியிருக்கிறேன்.

வருகிற சத்தத்துக்கான கட்டத்தில் டிக்கை எடுத்தேன். ஒரு சொடுக்குதான். காது கிழிந்தது. மோட்டார், காற்று, எங்கோ ஒரு மாடு, தொட்டித் தண்ணீரில் யாரோ குடம் கழுவுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே மோட்டார். "வந்துருச்சுங்ணா" என்று அக்கா கூவினாள். "இப்பத்தான் சரியாப் போட்டிருக்கீங்க." பாவம் அந்தப் பெரியவர், வாயைத் திறந்து மூடியிருப்பார். மற்ற ஏழு பேருக்கும் அதே டிக்கை எடுத்தேன். "சரி பண்ணிட்டேங்க சார். செட்டிங்தான் தப்பு, என்னுதுதான்" என்றேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது வெறும் இரைச்சல், அவளுக்கு என்னவோ. "கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி இருக்குதுங்ணா. மோட்டாரு காத்தைக் குடிக்குது. உறிஞ்சற பைப்புல எங்கியோ சந்து விட்டிருக்கு." சாமியப்பன் நம்பவில்லை. இந்த மோட்டார் வாங்கின நாளாக இப்படித்தான் சத்தம் போடுகிறது, உங்கள் மோட்டாரே சரியில்லை, மெக்கானிக்கை அனுப்பு என்கிறார். முதலாளிக்கு அது எங்கே சுட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா உடனே, "சித்த இருங்க. நல்ல மோட்டாரு எப்புடி ஓடும்னு கேளுங்க, பொறகு சொல்லுங்க" என்றாள்.

ஹாலில் மூலையில் ஒரு மோட்டாரை இதற்கென்றே வைத்திருந்தார்கள், அதைப் போட்டு ரிசீவரைக் காட்டுவார்கள், இரண்டு மோட்டாரும் பேசிக்கொள்ளட்டும் என்று. அந்த ஹால் இல்லை, ஆனால் அக்கா எழுந்துவிட்டாள். "எங்கூட்டுக் கெணத்துக்குப் போறனுங்ணா, வெச்சறாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறாள். பெட்டியை விட்டு விலக விலக லைன் அவள் போனின் சிம்முக்குத் தாவ வேண்டும், தாவியது, ஒரு எழுத்து விடவில்லை, அதைப் பற்றி நான் ஒரு சொட்டுக்கூடக் கவலைப்படவில்லை. என் கவலை வேறு. போகிற சத்தத்தின் கட்டத்தில் டிக் அப்படியே இருக்கிறது. அவள் மோட்டாரைப் போடுவாள், அவருக்கு ஒன்றும் கேட்காது, அதே கதை திரும்பி நடக்கும். அந்த டிக்கை எடுத்தால் மோட்டார் சத்தம் அவருக்குப் போகும், மோட்டாரோடு வீடும் போகும், சேவல் போகும், சட்டி பானை போகும், முதலாளி போட்ட ஒரே நிபந்தனை அவர் காதாலேயே கேட்க உடையும். வெளியூர்க்காரர்கள் மதியம் கூப்பிடுவார்கள். "போட்டுட்டேங்ணா, கேளுங்க" என்கிறாள் அக்கா. "ஒண்ணும் கேக்கலியே" என்கிறார் அவர். மறுபடி அந்த நிசப்தம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் ஒன்றுமில்லாததைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். யாரும் இல்லையா வீட்டுல. இருக்கிறார்களே, ஐயா. சம்பூர்ணக்கா இருக்கிறாள், அவள் மோட்டார் இருக்கிறது, நான்தான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். முதலாளியிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம், கேட்டால் அவர் யோசிப்பார், அவர் யோசித்து முடிப்பதற்குள் பெரியவர் போனை வைத்துவிடுவார். "சார், போற பக்கத்தையும் திறந்து விடறேங்க" என்று சொன்னேன், கேட்கவில்லை, சொன்னேன். சொடுக்கினேன்.

முதலில் போனது சேவல். இதற்காகவே காத்திருந்த மாதிரி, மோட்டாரையும் மீறி ஒரு நீளக் கூவல். பின்னால் ஆட்டுக்குட்டி, அவள் மாமனார் இருமல், தகரத்தில் ஏதோ விழுகிற சத்தம், கடைசியில் அவள் போனைக் குனிந்து வைத்திருக்க வேண்டும், மோட்டார் வந்தது. ஒரே சீராக, கல் இல்லாமல், கனத்த குரலில். எதிர்ப்பக்கம் கரட்டுமேட்டு மோட்டார் குலுங்குகிறது, இந்தப் பக்கம் தோப்பு மோட்டார் முனகுகிறது, நடுவில் நானும் முதலாளியும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. "ஓ" என்றார் சாமியப்பன். அப்புறம் போனை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மோட்டார் நின்றது. சைக்கிள் டியூப்பை இழுத்துச் சுற்றுகிற சத்தம் கேட்டது, ரப்பர் கீச்சென்றது, "இங்க பாரு, இந்த மூட்டுலதான்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது, குடத்திலிருந்து பம்புக்குள் தண்ணீர் ஊற்றுவது கேட்டது. இத்தனையும் கேட்டது. பிறகு மோட்டார் போட்டார், முதலில் தடுமாறியது, பிறகு குரல் கனத்தது, தொட்டியில் தண்ணீர் விழுந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, வெங்காயம்கூட நறுக்கவில்லை.

"சேவல் கூவுதே" என்றார் திரும்பி வந்த சாமியப்பன். "ஊட்டுல இருந்துங்களா பேசறீங்க?" எந்தக் காரணம் கொண்டும் சொல்லக்கூடாது என்று முதலாளி எட்டுப் பேரையும் நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறார். முதலாளி கேட்டுக்கொண்டிருப்பதும் அவளுக்குத் தெரியும். தறி, இடுப்பு, எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். சொல்லு அக்கா, சேவலே சொல்லிவிட்டது. "ஆமாங்ணா, ஊடுதானுங்க" என்றாள் மெதுவாக. "அந்த மோட்டாரு?" "எங்களுதுங்ணா. நான் கல்யாணமாகி வந்தப்பவே ஓடிட்டிருந்துச்சு, நம்ம கம்பெனிதான், இன்னும் அதுதான் தண்ணி எடுக்குது." அவர், "அப்பச் சரி. நாளைப்பின்ன ஏதாச்சுன்னா உங்களையே கூப்புடறனுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவ்வளவுதான். அக்கா புள்ளி பச்சைக்குத் திரும்பியது. முதலாளி மட்டும் லைனில். மூச்சும் இல்லை. அந்தப் பழைய பயம் வந்து சேர்வதற்குள் நான் வாயைத் திறந்தேன். "சார், பேச்சு மட்டும்னா ஃபில்டர் இருக்கட்டும்ங்க. மோட்டாரைக் கேக்கணும்னா, காட்டணும்னா, அவங்களே ஒரு பட்டனை அமுக்கித் திறந்துக்கற மாதிரி செஞ்சு குடுத்துடறேன். ஆனா சேவல் கேக்கும்ங்க. அதை நான் மறைக்க மாட்டேன்." இதைச் சொல்லும்போது என் குரல் நன்றாகத்தான் இருந்தது. அவர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மிணி," என்றார், "மத்த ஏழு பேரு வூட்டுலயும் மோட்டாரு இருக்குதுங்களா?" அஞ்சு வீட்ல இருக்குதுங்க, ரெண்டு வீடு டவுனுக்குள்ள, கிணறு கிடையாதுங்க என்றேன், எல்லா வீட்டுக்கும் நானே போனவள். "அந்த ரெண்டு வூட்டுக்கும் நம்ம கடையில இருந்து ஆளுக்கொண்ணு அனுப்பச் சொல்றேன். தொட்டி வெச்சு ஓட்டிக்கட்டும்." பிறகு, "அந்த வெளியூர்க்காரன் கூப்புட்டா வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார், அதைக் கடைசியில் ஞாபகம் வந்தவர் மாதிரிச் சொன்னார்.

சம்பூர்ணக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்சநேரம் அவள் பக்கம் சேவல் மட்டும் பேசியது. அப்புறம், "நான் அப்பவே நெனச்சேன் கண்ணு" என்றாள். மூக்கை உறிஞ்சுவது நன்றாகக் கேட்டது.

தேங்காய் கீறி முடிந்தது. எட்டும் பச்சை. அடுப்பில் குக்கர் சூடேறிக்கொண்டிருக்கிறது, மாடியில் தையல் மெஷின், கீழே அயர்ன் வண்டி மணி, இனியா பள்ளிக்கூடத்தில். ஓமானில் இப்போது அவருக்கு டீ நேரம். என் சொந்த லைனைத் திறந்தேன், அதிலும் ஃபில்டர் முழுசு என்று இருந்தது, இத்தனை நாளாக. இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். "என்ன யசோ, இந்நேரத்துல?" என்றார், அவர் பின்னால் ஆலையின் பெரிய இரைச்சல், யாரோ இந்தியில் கத்துகிறார்கள், அதெல்லாம் எனக்கும் இத்தனை நாள் கேட்டதில்லை. நான் ஹெட்செட் மைக்கை அடுப்புப் பக்கம் திருப்பினேன். குக்கர் விசில் அடித்தது. மாடியில் மெஷின் ஒரு நீளத் தையல் ஓட்டி நின்றது. "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டேன். "இரு, பேசாத," என்றார். "கேட்டுட்டிருக்கேன்."

நான் தேங்காயை அள்ளிப் போட்டு மிக்ஸியைப் போட்டேன்.